டி-ஷர்ட் விற்ற காசு யாருக்கு? இராமநாதபுரம் கடற்கரையின் புதிய இசைக்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

இசைக்குழுவின் பெயர் பொறித்த டி-ஷர்ட் ஒன்றை ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவர், அந்தப் பணம் முழுவதும் மேடையில் பாடியவர்களுக்கே போகிறது என்று நம்பித்தான் வாங்குகிறார். பாடியவர்களும், முதல் தடவை சட்டை அச்சிட்டு விற்றுக் கணக்குப் பார்க்கும்வரை, பெரும்பாலும் அப்படியே நம்புகிறார்கள். ஆனால் அந்த ஐந்நூறு ரூபாய் துணிக்காரர், அச்சுப் பட்டறைக்காரர், படம் வரைந்தவர், முதல் போட்டவர், இடம் கொடுத்தவர், மேசைக்குப் பின்னால் நின்று விற்றவர், மேலாளர், அரசு என்று பல கைகளைத் தொட்ட பிறகே குழுவிடம் வந்து சேர்கிறது; சில சமயம் வந்து சேராமலும் போகிறது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான இந்தக் கரையில் இப்போது மூன்று வகைக் குழுக்கள் இருக்கின்றன. திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுக்கள் ஒரு வகை. தேவாலயப் பாடகர் குழுவில் கிதாரும் டிரம்ஸும் கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள் இன்னொரு வகை. கல்லூரியில் சேர்ந்து சொந்தப் பாட்டு எழுதிப் பதிவேற்றும் பிள்ளைகள் மூன்றாம் வகை. மூவருக்கும் விற்பனைக் கணக்கு வேறு வேறாக அமையும் என்றாலும், பணம் யாரிடம் போகும் என்பதை முடிவு செய்பவை மூன்றே: சரக்குக்கு முதல் போட்டவர் யார், உரிமையை எழுத்தில் வைத்திருப்பவர் யார், செலவுகளும் பிறர் பங்குகளும் எந்த வரிசையில் கழிக்கப்படுகின்றன. கீழே உள்ள படிகள் இந்த மூன்றையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்வதற்கானவை.

பாட்டுப் பணமும் சரக்குப் பணமும்

முதலில் இரண்டு வருமானங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடல் பொது இடத்தில் ஒலிக்கும்போது கிடைக்கும் உரிமத்தொகை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்களுடைய வெளியீட்டாளருக்கும் உரியது. இந்தியாவில் 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் அதை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. டி-ஷர்ட், தொப்பி, ஸ்டிக்கர், போஸ்டர், துணிப்பை, சாவிக்கொத்து முதலியவற்றின் விற்பனை, அதாவது குழுக்காரர்கள் சுருக்கமாக மெர்ச் என்று சொல்வது, அந்தச் சங்கத்தின் வழியாக வருவதே இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாட்டு எழுதாத டிரம்ஸ் கலைஞருக்கும் பேஸ் கிதார் கலைஞருக்கும் பாட்டுப் பணத்தில் பங்கு கிடையாது. கச்சேரிச் சம்பளமும் சரக்குப் பணமும்தான் அவர்கள் சமமாக எதிர்பார்க்கக்கூடிய வருமானம். ஆகவே பல குழுக்கள் பாட்டுப் பணத்தை எழுதியவருக்கே விட்டுவிட்டு, சரக்குப் பணத்தை எல்லோருக்கும் சமமாக வைத்துக்கொள்கின்றன. குழு நீடிக்க வேண்டுமானால் இந்த ஏற்பாடே நல்லது என்பது என் கருத்து.

முதல் படி: குழு என்பது யார், பெயர் யாருடையது

ஒரு வெள்ளைத் தாளில் குழு உறுப்பினர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் பங்காளி யார், கச்சேரிக்கு மட்டும் கூலி பேசி வருபவர் யார் என்று குறியுங்கள். மெல்லிசைக் குழுக்களில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே ஆர்கெஸ்ட்ரா ஒருவருடையது, பெயரும் ஒலிபெருக்கியும் அவருடையவை, மற்றவர்கள் இரவுக்கு இவ்வளவு என்று பேசி வருகிறார்கள். அந்தப் பெயரில் சட்டை விற்றால் லாபமும் நட்டமும் உரிமையாளருடையதே. நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்து தொடங்கிய குழுவில்தான் சிக்கல். லாப நோக்கத்தோடு பலர் சேர்ந்து வியாபாரம் செய்தால், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் சட்டம் அதைக் கூட்டாண்மையாகக் கருத இடமுண்டு. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது பங்காளிகள் லாபத்தைச் சமமாகப் பெறவும் நட்டத்தைச் சமமாகத் தாங்கவும் வேண்டும் என்கிறது. சரக்குக்கு இருபதாயிரம் ரூபாய் போட்டவரும் ஒரு ரூபாயும் போடாதவரும் லாபத்தில் சமம் என்று ஆகிவிடும். அது வேண்டாம் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, பெயர். குழுவின் பெயரையும் சின்னத்தையும் டிரேட்மார்க்காக, அதாவது உங்களுக்கே உரிய வணிகக் குறியாக, பதிவு செய்யலாம். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாய் கட்டணம். ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, இசை நிகழ்ச்சிகளுக்கு 41ஆம் வகுப்பு, போஸ்டர், ஸ்டிக்கர் போன்ற அச்சுப் பொருள்களுக்கு 16ஆம் வகுப்பு. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்கப் பணம் இல்லையென்றால் 41ஐயும் 25ஐயும் முதலில் எடுங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் யாருடைய பெயரைப் போடுகிறீர்களோ அவரே உரிமையாளர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், சென்னையில் ஆள் தெரியும் என்பதற்காக மேலாளரையோ சித்தப்பா மகனையோ அவர் பெயரில் பதிவு செய்யவிட்டால், நாளைக்கு உங்கள் குழுவின் பெயர் போட்ட சட்டையை விற்க நீங்களே அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கூட்டாண்மையாகப் பதிந்து அதன் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பிப்பதே முறை.

கடற்கரைக் குழுக்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பாம்பன், தனுஷ்கோடி போன்ற ஊர்ப் பெயரை மட்டும் குழுவுக்கு வைத்தால் பதிவு கிடைப்பது கடினம், ஏனென்றால் பொருள் வரும் இடத்தை மட்டுமே குறிக்கும் சொற்களைத் தனியொருவர் உரிமையாக்கிக்கொள்வதை டிரேட்மார்க் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஊர்ப் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து, தனியான சின்னமும் வைத்துக்கொள்ளுங்கள். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளையும் சட்டம் மறுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கோயிலும் தர்காவும் தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கும் இந்தக் கரையில் வழிபாட்டுத் தலத்தின் படத்தைக் குழுச் சட்டையில் போடாமல் இருப்பதே மரியாதை.

இரண்டாம் படி: படத்தை எழுதி வாங்குதல்

சட்டையை விற்பது பெரும்பாலும் படம்தான். குழுவுக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் ஆவுளியா (கடற்பசு) ஒன்று கிதார் வாசிப்பதுபோல வரைந்து கொடுக்கிறார், நீங்கள் மூவாயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுத்தாயிற்று, படம் நம்முடையது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதுதான் பொது விதி. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது விதிவிலக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்ற சிலவும், வேறு உடன்பாடு இல்லாதபோது, செய்யச் சொன்னவருக்கே உரியவை. கணினியில் அமைத்த சின்னமும் எழுத்து வடிவமும் இந்த விதிவிலக்குக்குள் வருமா என்பது வழக்கறிஞர்கள் வாதிடக்கூடிய விஷயம். ஆகவே வாதத்துக்கு இடம் வைக்காமல் எழுதி வாங்குங்கள்.

எழுதும் தாளில் கையெழுத்தோடு நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தப் படம், எந்தெந்த உபயோகத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிலப்பரப்புக்கு. ஆண்டு எழுதப்படாவிட்டால் உரிமை 5 ஆண்டுகளுக்கு மட்டுமே கைமாறியதாகச் சட்டம் கொள்ளும். நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்ற விதியும் உண்டு, தாளில் வேறுவிதமாக எழுதினால் ஒழிய. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு கீழக்கரைப் பக்கத்தில் குறைவு. அங்கிருந்து ஆர்டர் வரும் என்று எதிர்பார்க்கும் குழு 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடக் கூடாது.

ஓவியருக்கு ஒரே தடவை பணம் கொடுப்பதா, சட்டைக்கு இவ்வளவு என்று கொடுப்பதா? ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற நாக்குச் சின்னத்தை 1970இல் ஜான் பாஷ் என்ற கலை மாணவர் 50 பவுண்டுக்கு வரைந்தார். பதிப்புரிமையை அவர் குழுவுக்கு விற்றது 1980-களில், 26,000 பவுண்டுக்கு. சின்னம் அதன் பிறகும் பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் சட்டைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டுமானால், முதலில் ஒரு தொகை கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்றால் சட்டைக்குப் பத்தோ பதினைந்தோ ரூபாய் என்று எழுதிக்கொள்ளலாம். ஊர் ஓவியரிடம் 'பேர் கிடைக்கும் தம்பி' என்று சொல்லி இலவசமாக வாங்கும் பழக்கம் அசிங்கமானது, சட்டப்படியும் ஆபத்தானது.

மெல்லிசைக் குழுக்களுக்கு இந்தப் படியில் வழி குறுகல். நீங்கள் பாடும் திரைப்பாடலின் வரியைச் சட்டையில் அச்சிட்டால், அந்த வரி பாடலாசிரியருக்கோ இசை நிறுவனத்துக்கோ உரியது. நடிகர் முகத்தை அச்சிட்டால் அதற்கும் தடை வரலாம். தன் பெயரையும் உருவத்தையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் குழுவின் பெயர், சின்னம், சொந்தமாக எழுதிய வாசகம் ஆகியவைதான் உங்கள் சரக்கு.

மூன்றாம் படி: முதல் போடுவது யார்

இங்கேதான் பெரும்பணம் பிரிகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன. குழுவே காசு போட்டு அடித்து விற்பது ஒன்று. விற்காத சட்டையும் உங்கள் தலையில்தான், விற்ற சட்டையின் லாபமும் உங்களுக்குத்தான். இணையத்தில் ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சிட்டு அனுப்பும் தளங்களிடம் படத்தைக் கொடுப்பது இரண்டாவது. முதல் தேவையில்லை, ஆனால் ஒற்றைச் சட்டைக்கு அச்சுக்கூலி அதிகம் என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் மிச்சம் மெலிந்திருக்கும். ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொள்வது மூன்றாவது.

மூன்றாவது வழியில் முன்பணம் தருவார்கள். அந்த முன்பணம் பரிசு அல்ல. உங்களுக்கு வர வேண்டிய பங்கு அந்தத் தொகையைத் தாண்டும்வரை மேற்கொண்டு ஒரு ரூபாயும் வராது. சதவீதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேளுங்கள்: கடை விலையின்மேலா, கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விலையின்மேலா, செலவு போக மிச்சத்தின்மேலா? கடை விலையில் பத்து சதவீதம் என்பது, மிச்சத்தில் இருபது சதவீதம் என்பதைவிடப் பல நேரங்களில் பெரிய தொகை.

உலகத்தின் மிகப் பெரிய குழுவே இதில் சறுக்கியிருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பெயரைப் பொருள்களுக்கு உரிமம் கொடுக்க 1963-64இல் செல்டேப் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. வருவதில் 90 சதவீதம் அந்த நிறுவனத்துக்கு, குழுவுக்குப் பத்தே சதவீதம். அந்த நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை (Seltaeb) திருப்பிப் படித்தால்தான் பீட்டில்ஸ் வரும் என்பதுபோல, பங்கும் தலைகீழாக இருந்தது. பின்னால் போராடித் திருத்தினார்கள் என்றாலும் அமெரிக்காவில் பொம்மையும் தலைமுடித் தொப்பியும் பறந்துகொண்டிருந்த காலத்தின் பணம் போனது போனதுதான்.

நூறு சட்டைக்குள் தொடங்கும் குழு முதல் வழியில் போவதே நல்லது. நட்டமானாலும் தாங்கக்கூடிய தொகையாக இருக்கும், கணக்கும் கற்றுக்கொள்ளலாம்.

நான்காம் படி: சரக்கு வரவழைத்தல்

திருப்பூரில் வெற்றுப் பின்னலாடையும் அச்சும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஸ்டிக்கருக்கும் போஸ்டருக்கும் சிவகாசி. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டகம் செய்ய வேண்டும் என்பதால் நிறம் கூடக் கூடச் செலவு கூடும், எண்ணிக்கை கூடக் கூட ஒரு சட்டைக்கான செலவு இறங்கும். இரண்டு நிறத்துக்குள் நிறுத்துங்கள். அளவுகளைச் சமமாகப் பிரித்து அடிக்காமல், நண்பர் வட்டத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு அடியுங்கள்; விற்காமல் தேங்குவது பெரும்பாலும் மிகச் சிறிய, மிகப் பெரிய அளவுகள்தான்.

கரையில் சரக்கு வைப்பதற்கும் ஒரு செலவு உண்டு. உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் அட்டைப்பெட்டியில் கிடக்கும் துணியில் பூஞ்சை பிடிக்கவைக்கும். தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். இதையும் பார்சல் கூலியையும் சட்டை விலையில் சேர்க்காமல் விடுகிற குழுக்களே அதிகம்.

ஐந்தாம் படி: விற்கும் இடத்துக்காரரின் பங்கு

வெளிநாடுகளில் கச்சேரி அரங்குகள், தங்கள் கட்டடத்துக்குள் விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் மொத்த விற்பனையில் ஒரு பங்கு கேட்கின்றன. இருபது, இருபத்தைந்து சதவீதம் என்பது அங்கே சாதாரணம். குழுக்கள் இதை எதிர்த்ததன் விளைவாக, பிரிட்டனில் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று, கமிஷன் வாங்காத அரங்குகளின் பட்டியலை 2022 ஜனவரியில் வெளியிடத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் லைவ் நேஷன் என்ற பெரிய கச்சேரி நிறுவனமும் தன் சிறிய அரங்குகளில் அந்தக் கமிஷனை நிறுத்துவதாக அறிவித்தது. இணையத்தில் குழுக்கள் பாட்டும் சரக்கும் விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பொருள் விற்பனைக்குப் பத்து சதவீதமும், பாட்டுக்கு அதற்கு மேலும் எடுத்துக்கொள்கிறது.

நம் பக்கத்தில் இடத்துக்காரர் வேறு உருவில் வருகிறார். திருவிழா என்றால் விழாக் கமிட்டிக்குத் தரை வாடகை; அது விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. கல்லூரி விழா என்றால் பெரும்பாலும் வாடகை இருக்காது, ஆனால் விற்பதற்கு முதல்வரின் அனுமதிக் கடிதம் வேண்டும். தனியார் மண்டபமோ கடற்கரை விடுதியோ என்றால் சதவீதம் கேட்கலாம். கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும் அன்றே மேசை போடுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். வேன் வந்து இறங்கிய பிறகு பேசினால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. நிலையான வாடகைக்கும் சதவீதத்துக்கும் இடையே தேர்வு கிடைத்தால், கூட்டம் எவ்வளவு வரும் என்று தெரியாத ஊரில் சதவீதத்தையும், உங்கள் ஆட்கள் நிச்சயம் வரும் ஊரில் வாடகையையும் தேர்ந்தெடுங்கள்.

இராமேசுவரத்தில் சங்குப் பொருள் விற்கும் கடைகளில் சட்டையை வைத்து விற்கச் சொல்லலாம், விற்றால் மட்டும் கமிஷன் என்ற பேச்சில். இதில் கொடுத்த எண்ணிக்கையை இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்குவதும், மாதம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் முக்கியம். யாத்ரீகர் குழுவின் பெயருக்காக வாங்க மாட்டார், படத்துக்காக வாங்குவார். அங்கே ஆவுளியா ஓடும், உறுப்பினர் முகம் ஓடாது. காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஊர்களில் கையில் காசு இறுக்கமாக இருக்கும். மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கச்சேரிக்கு அந்த நாட்களில் புதுச் சரக்கு இறக்காதீர்கள்.

ஆறாம் படி: கழிக்கும் வரிசை

இனி கணக்கு. இந்தக் கரையில் பிறந்தவருக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. படகு கரை திரும்பியதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழித்துவிட்டுத்தான் படகுப் பங்கும் ஆள் பங்கும் பிரிகின்றன. டீசல் கழிக்கும் முன் யாராவது பங்கு கேட்டால் மற்றவர்கள் விடுவார்களா? சரக்குப் பணத்துக்கும் அதே முறை வேண்டும். ஆனால் சரக்குப் பணத்தில் சிலர் டீசல் கழிக்கும் முன்பே கை நீட்டுவார்கள், பல ஒப்பந்தங்கள் அதற்கு இடமும் கொடுக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஐந்து பேர் கொண்ட குழு நூறு சட்டை அடிக்கிறது. அச்சும் பார்சலும் சேர்த்துச் சட்டைக்கு 230 ரூபாய், ஆக 23,000. ஓவியருக்கு 3,000. உறை, மேசைத் துணி முதலிய சில்லறைச் செலவு 600. விலை 500. எண்பது சட்டை விற்கிறது, வரவு 40,000. இடத்துக்காரருக்கு மொத்த விற்பனையில் 15 சதவீதம், 6,000. மேசையில் நின்று விற்ற தம்பிக்குச் சட்டைக்கு 30 வீதம் 2,400. செலவெல்லாம் சேர்த்து 35,000, மிச்சம் 5,000.

இப்போது மேலாளர் வருகிறார். அவருடைய பங்கு 20 சதவீதம் என்று வாய்ப்பேச்சு. அது மிச்சத்தின்மேல் என்றால் அவருக்கு 1,000, குழுவுக்கு 4,000, ஆளுக்கு 800. மொத்த விற்பனையின்மேல் என்றால் அவருக்கு 8,000. குழுவுக்கு 3,000 ரூபாய் நட்டம். சதவீதம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, எங்கே நின்று கழிக்கிறோம் என்பது மட்டுமே மாறியது. மேலாளர்கள் 15 முதல் 20 சதவீதம் கேட்பது உலக வழக்கம், அதில் தவறில்லை. அது எதன்மேல் என்பதையும், கச்சேரிச் சம்பளத்துக்கு மட்டுமா, சரக்குக்கும் சேர்த்தா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் போடாத மேலாளருக்குச் சரக்கின் மொத்த விற்பனையில் பங்கு கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே நூறும் விற்றுத் தீர்ந்தால் படம் மாறுகிறது. வரவு 50,000, இடத்துக்கு 7,500, விற்றவருக்கு 3,000, மற்றச் செலவு அதே 26,600, மிச்சம் 12,900. கடைசி இருபது சட்டைகள் மட்டும் 7,900 ரூபாய் கொண்டுவந்தன, ஏனென்றால் அவற்றின் அச்சுச் செலவை முன்னால் விற்ற எண்பதும் ஏற்கெனவே சுமந்துவிட்டன. ஆகவே தேவைக்கு மேல் அடிப்பதும், வந்த நண்பர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பதும் லாபத்தையே கொடுத்துவிடுவதாகும். உறுப்பினருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டு, அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, இதே சட்டையை ஒரு நிறுவனம் அடித்து விற்று, விலையில் 12 சதவீதம் குழுவுக்குத் தருவதாக வைத்துக்கொண்டால், எண்பது விற்றபோது 4,800 வரும், நூறு விற்றபோது 6,000 வரும். மேலாளர் பங்கு அதிலிருந்து போகும். குறைவாக விற்கும் என்று தோன்றினால் உரிமம், தீர்ந்துவிடும் என்று நம்பினால் சொந்த முதல் என்பது இந்த எண்களிலிருந்தே தெரியும்.

இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் குழுக்கள் இன்னொரு வரியையும் தேடிப் படிக்க வேண்டும். பாட்டை வெளியிடும் நிறுவனம், கச்சேரி, சரக்கு, விளம்பரம் என எல்லா வருமானத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சரக்குக்கு அவர்கள் முதல் போடுவதில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்; பேச்சுவார்த்தையில் அது பெரும்பாலும் விட்டுக்கொடுக்கக்கூடிய வரிதான்.

ஏழாம் படி: அரசின் பங்கு

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை; கச்சேரிச் சம்பளமும் வாங்கும் குழுவுக்கு, சம்பளமும் சரக்கும் சேர்த்து 20 லட்சம் ரூபாய்தான் வரம்பு. பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வசூலிக்கவும் கூடாது. ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ கூரியரில் ஒரு சட்டை விற்றாலும், வெளிமாநில விற்பனை என்பதால், அந்த வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். இணைய வணிகத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் தளர்வு இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 5 சதவீதம். யு.பி.ஐ. வழியாக வரும் பணத்துக்கு இப்போது வங்கிக் கட்டணம் இல்லை. ஒரே ஒரு க்யூஆர் அட்டை, குழுவின் பொதுக் கணக்குக்குச் செல்வதாக, மேசைமேல் இருக்கட்டும். பாடகரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்கத் தொடங்கினால் மாதக் கடைசியில் யாராலும் கணக்கு நேர் செய்ய முடியாது. வருமான வரித் துறையின் பார்வையிலும் அது அவருடைய தனி வருமானமாகவே தோன்றும்.

எட்டாம் படி: போலிச் சரக்கு

உங்கள் சட்டையைப் பார்த்து வேறொருவர் அடித்து விற்றால், அதில் உங்களுக்கு ஒரு காசும் இல்லை. பதிவு செய்த குறி இருந்தால் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம்; பதிவு இல்லாவிட்டாலும், பெயர் உங்களுடையது என்று மக்கள் அறிந்திருப்பதை நிரூபித்து நீதிமன்றம் போகலாம், கடினம் மட்டும்தான். நடைமுறையில் சிறு குழுவுக்கு வழக்குச் செலவு கட்டுப்படியாகாது. இணையத்தில் விற்றால் அந்தத் தளத்துக்குப் பதிவுச் சான்றோடு புகார் கொடுத்து நீக்கச் சொல்வதும், ஊர்க்கடையில் என்றால் நேரில் போய்ப் பேசுவதும் போதும். பேசப் போகும்போது எழுதி வாங்கிய படத் தாளின் நகலைக் கொண்டுபோங்கள். சில நேரங்களில் அதே கடைக்காரரே உங்கள் அசல் சரக்கை எடுத்து விற்கச் சம்மதிப்பார்.

ஒன்பதாம் படி: ஒருவர் விலகும்போது

குழுவில் ஒருவர் வேலைக்காகத் துபாய் போகலாம், கப்பலில் ஏறலாம், மனத்தாங்கலில் பிரியலாம். அன்றைக்கு மிச்சமிருக்கும் சரக்கை எண்ணி, அடக்க விலைக்கு மதிப்பிட்டு, அவர் போட்ட முதலையும் அதுவரையான லாபப் பங்கையும் கொடுத்துக் கணக்கை முடிப்பதே எளிய முறை. இனி வரும் லாபத்திலும் பங்கு தொடரும் என்று வாய்ப்பேச்சாக விட்டுவைத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாட்டு ஒன்று திடீரென்று பிரபலமாகும்போது எல்லோருக்கும் எல்லாம் நினைவுக்கு வரும். குழுவின் பெயரை விலகியவர் வேறிடத்தில் பயன்படுத்தலாமா என்பதையும் முதல் படியில் எழுதிய அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் முகம் உள்ள பழைய சட்டைகளை எத்தனை மாதத்துக்குள் விற்றுத் தீர்க்கலாம், அந்த விற்பனையில் அவருக்கு உரியது எந்தத் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.